வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் நரம்பு விபத்துகளும்

ஒரு நோயைத் தடுக்கும் பொருட்டு உடலிற் செலுத்தப்பட்ட மருந்து, மிகச் சிலரிடத்தில் மூளையையோ தண்டுவடத்தையோ அவற்றிலிருந்து கிளைக்கும் நரம்புகளையோ தாக்கி, வாதத்தையும் உணர்விழப்பையும் சில சமயம் மரணத்தையும் விளைவிப்பதுண்டு. அம்மை குத்துதல், இன்ஃபுளுயன்சா ஊசி, போலியோ சொட்டு மருந்து ஆகிய ஒவ்வொன்றை ஒட்டியும் இத்தகைய விபத்துகள் பதிவாகியிருப்பினும், இவற்றின் இயல்பு முதன்முதலில் துலங்கியதும், மிக நீண்ட காலம் ஆராயப்பட்டதும், காரணம் தெளிவாக நிறுவப்பட்டதும் வெறிநாய்க்கடி மருந்தின் வரலாற்றிலேயேயாம். அவ்வரலாற்றின் பெரும் பகுதி இந்தியாவில், இமயச் சாரலிலுள்ள கசௌலியிலும் நீலகிரியிலுள்ள குன்னூரிலும் நிகழ்ந்தது.

லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், வெறிநாயால் பலவிடங்களிற் கடிபட்டிருந்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் சிகிச்சையைத் தொடங்கினார். நோய்கண்டு இறந்த முயல்களின் தண்டுவடத்தை உலர்ந்த காற்றில் தொங்கவிட்டு, அதன் நஞ்சு நாளுக்கு நாள் தணியச் செய்து, நன்கு உலர்ந்ததிலிருந்து தொடங்கி உலராததை நோக்கிப் படிப்படியாக ஊசிமூலம் ஏற்றுவதே அவருடைய முறை. சிறுவன் பிழைத்தான், பாரிஸை நோக்கி உலகெங்கணுமிருந்து கடிபட்டோர் வரத் தொடங்கினர். ஆயினும் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே, சிகிச்சை பெற்றவர்களிற் சிலர் கால்கள் விழுந்து படுக்கையுற்றனர் என்ற செய்தி எழுந்தது. 1887ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் மிஷேல் பீட்டர் என்னும் பேராசிரியர், இச்சிகிச்சையே சிலரைக் கொன்றிருத்தல் கூடும் என்று வாதிட, பாஸ்டரின் துணைவர்கள் அதனை வன்மையாக மறுத்தனர். இரு தரப்பாருக்கும் இடர் விளைத்த உண்மை ஒன்றிருந்தது. வெறிநோயே சிலரிடத்தில் நீர்வெறுப்பும் ஆவேசமுமின்றி வாதமாகவே தோன்றுவதால், வாதமுற்று இறந்தவர் நாயின் நஞ்சால் இறந்தாரா, மருந்தின் தீங்கால் இறந்தாரா என்று அக்காலத்தில் எவராலும் அறுதியிட இயலவில்லை. ஆனால் வாதமுற்றவர்களுள் பலர் தேறி எழுந்தனர் என்பதே வழக்கைத் தீர்க்கப் போதுமான சான்று. வெறிநோய் கண்டவர் அக்காலத்தில் தேறியதில்லை; தேறியவருக்கு வந்தது வெறிநோயன்று.

இந்தியாவில் முதற் பாஸ்டர் நிலையம் 1900ஆம் ஆண்டு கசௌலியில் நிறுவப்பட்டது. தென்னாட்டில் கடிபட்டவர்கள் அவ்வளவு தூரம் இரயிலேறிச் சென்று சேர்வதற்குள் காலம் கடந்துவிடும் என்பதால், அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த நன்கொடையின் உதவியோடு 1907ஆம் ஆண்டு குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் எழுந்தது. கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் என்னும் இராணுவ மருத்துவர், உயிருள்ள நஞ்சை மனித உடலில் ஏற்றுவதே ஆபத்துக்கு மூலம் என்று கருதி, விலங்கின் மூளையில் வளர்ந்த வைரஸைக் கார்பாலிக் அமிலத்தாற் கொன்று பயன்படுத்தும் முறையை 1911ஆம் ஆண்டு வெளியிட்டார். நுட்பமான கருவிகள் வேண்டாத, மலிவான, எங்கும் அனுப்பத்தக்க இந்த மருந்து விரைவில் ஆசியா, ஆப்பிரிக்காக் கண்டங்களிற் பரவியது. ஆட்டு மூளையை அரைத்த ஐந்து சதவீதக் கலவை அது. அதனை வயிற்றுத் தோலின் அடியில் நாள் தவறாமல் பதினான்கு நாட்கள் செலுத்தினர். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டிமார் நடுங்கிச் சொல்லிவந்தது இதனையே.

உயிருள்ள வைரஸை நீக்கிய செம்பிளின் முறை எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆயினும் வாதத்தை அது நீக்கவில்லை. ஊசி தொடங்கிய இரண்டு வாரத்தையொட்டிச் சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் முதுகுவலியும் கண்டன. பின்னர்ச் சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் கோணியது. சிலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வற்று, சிறுநீர் கட்டி, கால்கள் செயலிழந்தன. வேறு சிலருக்கு வாதம் பாதத்திலிருந்து மேலேறி மூச்சுத் தசைகளையும் பற்றிற்று. மூளை தாக்குண்டவர்கள் நினைவிழந்தனர். இவ்விபத்து 200 பேருக்கு ஒருவருக்கு நேர்வதாக ஓரிடத்தாரும், சில ஆயிரம் பேருக்கு ஒருவருக்கு நேர்வதாக வேறிடத்தாரும் கணக்குக் கூறினர். இத்துணை வேறுபாட்டிற்கு மருந்தின் தயாரிப்பு வேற்றுமையும் கணக்கெடுப்பின் குறைபாடுமே காரணங்களாம்.

கணக்கெடுப்பைப் பற்றி இங்கே சற்று விரிவாகக் கூறுதல் தகும். இவ்விபத்துகளை நாடுதோறுமுள்ள பாஸ்டர் நிலையங்களிலிருந்து திரட்ட முற்பட்ட பால் ரெம்லிங்கர் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நிலையத் தலைவர்கள் அறிவித்த எண்ணிக்கைக்கும் வெளி மருத்துவர்கள் கண்ட எண்ணிக்கைக்கும் பொருந்தாமை மிகுந்திருப்பதைக் கண்டு, சில நிலையங்கள் தம் விபத்துகளை மறைக்கின்றன என்று வெளிப்படையாகவே குறைகூறினார். அவ்வாறு மறைத்தவர்களின் நோக்கம், பொதுமக்கள் அஞ்சிச் சிகிச்சையைத் துறந்துவிடலாகாது என்பதாயிருக்கலாம். எனினும் அதன் பயன், வாதமுற்ற ஏழையின் துன்பம் எந்த ஏட்டிலும் ஏறாமற் போனதும், மருந்தைத் திருத்த வேண்டிய அவசியம் காலந்தாழ்ந்து உணரப்பட்டதுமேயாகும். இந்நிலையைச் சீர்செய்தவர்களுள் முதன்மையானவர், கசௌலி பாஸ்டர் நிலையத்தில் முன்பு பணிபுரிந்தவரும், தொற்றுநோய்ப் பரவலுக்குக் கணிதச் சமன்பாடு வகுத்தவருமான ஏ. ஜி. மெக்கென்றிக். சர்வதேச சங்கம் எனப்பட்ட லீக் ஆஃப் நேஷன்ஸின் சுகாதார அமைப்புக்காக அவர் பல நாட்டு நிலையங்களின் அறிக்கைகளை ஆண்டு தோறும் ஒருங்கே வைத்து ஆராய்ந்து வெளியிட்ட தொகுப்புரைகளில், சிகிச்சை பெற்றோர், வெறிநோயால் இறந்தோர், வாதமுற்றோர் ஆகிய மூவகையினரும் அருகருகே எண்ணப்பட்டனர்.

காரணம் எது? மருந்தில் வைரஸ் முற்றும் சாகாதிருப்பது ஒரு காரணமாகக் கூடும் என்பதற்கு, 1960ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் ஃபோர்ட்டலேசா நகரில் உயிருள்ள வைரஸ் எஞ்சியிருந்த மருந்தைப் பெற்றவர்களுள் 18 பேர் வெறிநோயாலேயே மாண்ட கொடிய நிகழ்ச்சி சான்று. ஆனால் பெரும்பாலான விபத்துகள் அவ்வகையின அல்ல. மாண்டவர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் வைரஸ் காணப்படவில்லை. சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றி வெள்ளணுக்கள் மொய்த்து, மின்கம்பியின்மேற் போர்த்த உறைபோல நரம்பிழைகளை மூடியிருக்கும் மயலின் என்னும் கொழுப்புறை அழிந்திருந்ததே காணப்பட்டது. நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ், நோயேதுமற்ற முயலின் மூளைச் சாற்றையே குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தி, 1933 முதல் 1935 வரை வெளியிட்ட ஆய்வுகளில், அக்குரங்குகளிற் சில வாதமுற்றதையும், அவற்றின் மூளையில் அதே வகை அழிவு தோன்றியதையும் காட்டினார். வைரஸ் ஏதுமின்றியே வாதம் விளைந்தது. எல்வின் காபாட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1947ஆம் ஆண்டு, எதிர்ப்பைத் தூண்டும் எண்ணெய்க் கலவையைச் சேர்த்துச் சில ஊசிகளிலேயே இந்நோயை உண்டாக்கினர். ஆகவே உண்மை புலப்பட்டது: அன்னிய மூளைப் பொருளை எதிர்க்கப் பயின்ற உடல், அதனோடு ஒத்த தன் மூளையையே பகையெனக் கொண்டு தாக்கிற்று. பாங்காக்கைச் சேர்ந்த தீரவத் ஹேமசூதாவும் அவருடைய குழுவினரும் 1987ஆம் ஆண்டு, செம்பிள் மருந்தால் விபத்துற்றவர்களின் உடலில் மயலினின் ஒரு புரதத்திற்கு எதிரான பொருள்கள் மிகுந்திருப்பதைக் கண்டு இம்முடிவை மனிதரிடத்திலும் உறுதிசெய்தனர். ரிவர்ஸின் குரங்குகளிலிருந்து தொடங்கிய இப்பரிசோதனை நோய், மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்னும் நரம்பு வியாதியை ஆராய்வதற்கு இன்றுவரை கருவியாயிருந்து வருகிறது. அவ்வியாதிக்கு வழங்கப்படும் கிளாட்டிராமர் என்னும் மருந்தும் இவ்வழியிலேயே இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

அம்மை குத்துதலை ஒட்டி 1920களில் ஹாலந்திலும் இங்கிலாந்திலும் பெரிதும் கவனிக்கப்பட்ட மூளைக்காய்ச்சலிலும் இதே மயலின் அழிவு தென்பட்டது. அம்மைப்பாலில் மூளைப் பொருள் யாதும் இல்லாமையால், உடலின் எதிர்ப்பு தடம் மாறுவதற்கு வேறு வழிகளும் உண்டென்பது அறியப்பட்டது. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சல் ஊசியை நாலு கோடிக்கு மேற்பட்டவர்கள் போட்டுக்கொண்டபோது, கியான், பாரே, ஸ்ட்ரோல் ஆகிய மூவர் 1916இல் விவரித்த நரம்பு வாதம், ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் வீதம் மிகுதியாகக் கண்டது. எதிர்பார்த்த கொள்ளைநோயோ வரவில்லை. டிசம்பர் மாதத்தில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. 2010இல் ஃபின்லாந்திலும் சுவீடனிலும் ஒருவகை இன்ஃபுளுயன்சா ஊசிக்குப் பின், குறிப்பிட்ட மரபணு அமைப்புடைய சிறுவர்களிடையே நார்கோலெப்சி என்னும் தூக்கநோய் கண்டது.

வெறிநாய்க்கடி மருந்தைப் பொறுத்தவரை, காரணம் தெரிந்தபின் பரிகாரமும் தெரிந்தது: மூளையில் வளர்த்தலைக் கைவிடுவது. சிலி நாட்டின் ஃபுவென்சலிடாவும் பலாசியோசும் 1955ஆம் ஆண்டு, மயலின் இன்னும் படியாத, புதிதாய்ப் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளின் மூளையைக் கையாண்டு விபத்தைச் சுமார் 8,000 பேருக்கு ஒன்றாகக் குறைத்தனர். ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டர் நிலையத்தில் ஹிலரி கோப்ரவ்ஸ்கி, டாடெயுஸ் விக்டர் முதலியோர் கண்ணாடிக் கலத்தில் வளர்த்த மனித உயிரணுக்களில் வைரஸைப் பெருக்கி மூளைத் தொடர்பையே அறுத்தனர். ஈரானில் வெறிகொண்ட ஓநாய்களாலும் நாய்களாலும் கடியுண்ட 45 பேருக்கு இம்மருந்து செலுத்தப்பட்டு, ஒருவரும் இறவாமற் பிழைத்த செய்தி 1976இல் வெளிவந்தது.

ஆனால் அதற்குப் பின்னும் கால் நூற்றாண்டுக்கு மேலாக இந்நாட்டில் ஆட்டு மூளை மருந்தே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாக வழங்கப்பட்டது. விலை கொடுக்க வல்லவர் கடையில் புது மருந்து வாங்கினர்; வல்லாதவர் பதினான்கு ஊசிகளையும் அவற்றோடு கூடிய அபாயத்தையும் ஏற்றனர். மருந்தே இல்லாதிருப்பதினும் பழைய மருந்து மேலானது என்ற நியாயம் மெய்யேயாயினும், அபாயத்தின் காரணம் ஐயமற விளங்கிய பின்பும் அதனை ஏழையின் பங்காகவே இத்துணைக் காலம் விட்டுவைத்தது பெருங்குறை என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார். 2004ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் நரம்புத் திசு மருந்தின் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. குன்னூர் நிலையம் வேரோ என்னும் குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் வளர்த்த தடுப்பூசியைத் தயாரிக்கும் முறையைக் கைக்கொண்டது. 2006இல் தோலுக்குள் செலுத்தும் முறை அனுமதிக்கப்பட்டபின் செலவு மேலும் குறைந்தது. கடிபட்டவர் வந்த முதல் நாளிலும், அதிலிருந்து மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாட்களிலும் இரு கைகளின் மேற்பகுதியிலும் 0.1 மில்லிலிட்டர் வீதம் இப்போது ஊசி போடப்படுகிறது.