டபிள்யூ-4: இரு சம்பள வீட்டுக்கு ஓர் உரை

அமெரிக்காவில் வேலையில் சேரும்போது கையெழுத்திடும் தாள்களில் டபிள்யூ-4 ஒன்று. சம்பளத்தில் மத்திய வருமான வரி எவ்வளவு பிடிப்பது என்று நிறுவனம் இதைப் பார்த்துத்தான் கணக்கிடும். 2020இல் புதிதாக அமைக்கப்பட்ட இப்படிவத்தில் ஐந்து படிகள். கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கும் வீட்டுக்காக இந்த உரை.

படி 1(இ): தாக்கல் நிலை.
'மணமானவர், கூட்டுத் தாக்கல்' என்ற கட்டத்தில் தம்பதியர் யோசிக்காமல் டிக் அடிப்பார்கள். இந்தியாவில் வரி கட்டிப் பழகியவர்களுக்கு இதில் வில்லங்கம் எதுவும் தெரியாது. அங்கே கணவன் கணக்கு வேறு, மனைவி கணக்கு வேறு, அவரவர் டிடிஎஸ் அவரவருக்கு. இங்கே கூட்டாகத் தாக்கல் செய்தால் இரண்டு சம்பளமும் ஒரே கணக்கில் சேரும். நிறுவனத்துக்கோ தன் ஊழியரின் சம்பளம் மட்டுமே தெரியும். வீட்டின் ஒரே வருமானம் அதுதான் என்று எடுத்துக்கொண்டு, தம்பதிக்கு உரிய நிலையான கழிவையும் குறைந்த விகித அடுக்குகளையும் முழுதாகக் கொடுத்துவிடும். மற்ற நிறுவனமும் அப்படியே. ஒரே சலுகை இரண்டு முறை.

2024ஆம் ஆண்டு விகிதப்படி பார்ப்போம். இருவருக்கும் ஆளுக்கு 80,000 டாலர் சம்பளம், வேறு வருமானமோ குழந்தைகளோ இல்லை. மொத்தம் 1,60,000, நிலையான கழிவு 29,200 போக வரி 18,882 டாலர். இரு நிறுவனங்களும் பிடித்திருப்பது 5,632 வீதம் 11,264. ஏப்ரலில் 7,618 டாலர் கட்ட வேண்டும். போதாததற்கு, குறைவாகக் கட்டியதற்கான அபராதமும் வரலாம்.

படி 2: துணைவரும் வேலை செய்தால்.
படிவத்தின் உயிர் இங்கேதான். மூன்று வழிகள்: (அ) வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தரும் இணையக் கணிப்பான், (ஆ) மூன்றாம் பக்கக் கணக்குத்தாள், (இ) ஒரு சின்னக் கட்டம். மொத்தம் இரண்டே வேலை என்றால்தான் கட்டம். அதில் டிக் அடித்தால் கழிவும் அடுக்குகளும் பாதியாகும். மேற்சொன்ன தம்பதியில் இருவரும் டிக் அடித்திருந்தால் ஆளுக்கு 9,441 பிடித்திருப்பார்கள், 18,882, சரியாக.

'மற்ற வேலையின் படிவத்திலும் இதையே செய்க' என்ற குறிப்பைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். எச்-4 விசாவில் உள்ள துணைவர்களில் ஒரு பகுதியினருக்கு 2015 மே முதல் வேலை அனுமதி கிடைக்கிறது. அப்படி ஒருவர் வேலைக்குப் போகும்போது அவர் புதுப் படிவம் நிரப்புவார். முன்பே வேலையில் இருப்பவரின் பழைய படிவத்தை யாரும் தொடுவதில்லை. ஒருவர் மட்டும் டிக் அடித்தால் நம் கணக்கில் பாதிப் பள்ளம், 3,809 டாலர், அப்படியே நிற்கும்.

சம்பளங்கள் ஏறத்தாழச் சமமாக இருந்தால்தான் கட்டம் துல்லியம். ஒருவருக்கு 1,50,000, மற்றவருக்கு 30,000 என்றால் இருவரும் டிக் அடித்தபின் ஏறக்குறைய 3,870 டாலர் கூடுதலாகப் பிடித்துவிடும். திரும்பி வரும் பணம்தான், ஆனால் வட்டியில்லாமல் அரசுக்குக் கடன் கொடுப்பானேன்? சிறிய சம்பளம் பெரியதில் பாதிக்கும் கீழே என்றால் (ஆ)வே மேல். துணைவர் சம்பாதிப்பது அலுவலகத்துக்குத் தெரிய வேண்டாம் என்பவர்களும் கட்டத்தை விட்டுவிட்டு, கணக்கிட்ட தொகையை 4(இ)யில் எழுதலாம்.

படி 3: குழந்தைகள்.
குழந்தைகளுக்கான சலுகையை ஒருவர் படிவத்தில் மட்டும், அதிகச் சம்பளக்காரர் படிவத்தில் எழுதுவது நல்லது. இருவரும் எழுதினால் சலுகை மறுபடி இரட்டிக்கும்.

படி 4: பிற சரிக்கட்டல்கள்.
(அ) வட்டி, டிவிடெண்ட் போன்றவை. (ஆ) நிலையான கழிவை மிஞ்சும் கழிவுகள். (இ) ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லும் தொகை. படிவத்தின் படிகளில் தனி இடம் இல்லாத ஒன்றுக்கும் இது உதவும். 0.9 சதவீதக் கூடுதல் மெடிகேர் வரியை, ஓர் ஊழியரின் சம்பளம் 2,00,000 டாலரைத் தாண்டினால்தான் நிறுவனம் பிடிக்கும். கூட்டுத் தாக்கலில் வரம்போ 2,50,000. ஆளுக்கு 1,80,000 வாங்கும் தம்பதிக்கு 990 டாலர் வரி உண்டு, யாரும் பிடித்திருக்க மாட்டார்கள்.

படி 5: கையொப்பம்.
இது இல்லாவிட்டால் படிவம் செல்லாது. திருத்திய படிவத்தை எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். நடைமுறைப்படுத்த நிறுவனத்துக்குச் சுமார் ஒரு மாதம் அவகாசம் உண்டு. ஆகவே நவம்பரில் விழித்துக்கொண்டவர்கள் கட்டத்தை நம்பாமல், விடுபட்ட தொகையை மீதமுள்ள சம்பளங்களின் எண்ணிக்கையால் வகுத்து 4(இ)யில் எழுத வேண்டும். ஜனவரியில் மறக்காமல் அதை மாற்றவும் வேண்டும்.