கொல்லிமலையில் கரட்டுப் பாதை ஊர்திப் பயணம்

கரட்டுப் பாதை ஊர்திப் பயணம் என்பது தார்ச்சாலையை விட்டு விலகி, மண்தடம், பாறை, சேறு, ஓடை ஆகியவற்றின் வழியே நான்கு சக்கரங்களும் இயங்கும் ஊர்திகளைச் செலுத்தும் பொழுதுபோக்கு ஆகும். பேச்சு வழக்கில் இது 'ஆஃப் ரோடிங்' என்றே அறியப்படுகிறது. இதில் ஆர்வம் கொண்டோர் கழகங்களாகக் கூடி, நிலத்துக்கும் அங்கு வாழ்வோருக்கும் கேடு விளையாத வகையில் ஓட்டுவதற்கான நெறிகளை வகுத்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ள கொல்லிமலை, அதன் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்காக ஊர்தி ஆர்வலர்களை ஈர்க்கும் இடமாகும். ஆயினும் 'பொது நிலத்தில் பொறுப்பான பொழுதுபோக்கு' என்ற மேலைநாட்டுக் கருத்து இம்மலைக்கு அப்படியே பொருந்துவதில்லை. எவரும் தம் விருப்பப்படி ஊர்தி ஓட்டிச் செல்லத்தக்க வெற்று நிலம் என்று இங்கு எதுவும் இல்லை என்பதே அதற்குக் காரணம்.

மலையும் சாலையும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். மேற்பரப்பு ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயரமுடைய மேட்டுநிலமாக அமைந்துள்ளது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலையாகச் சங்க இலக்கியங்கள் இதனைக் குறிப்பிடுகின்றன. மலைவாழ் மக்களில் பெரும்பான்மையோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரொற்றுமையால் இவர்களைக் கேரள மக்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர்களின் தாய்மொழி தமிழே. மலைப்பகுதி வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு எனப் பல நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. மிளகு, காப்பி, அன்னாசி, பலா, மரவள்ளி ஆகியவற்றோடு சாமை, தினை போன்ற சிறுதானியங்களும் விளைகின்றன.

அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து சோளக்காடு நோக்கி ஏறும் பாதையிலேயே 70 வளைவுகளும் உள்ளன. முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஒரு மலைப்பாதை உண்டு. மேட்டுநிலத்தின் முதன்மை ஊரான செம்மேட்டிலிருந்து சிற்றூர்களுக்குச் சாலைகள் பிரிகின்றன. அவற்றைத் தாண்டி வயல்களுக்கும் குடியிருப்புகளுக்கும் செல்பவை பெரும்பாலும் மண்தடங்களே. வெளியூர்ப் பயணிகளுக்குச் சாகசக் களமாகத் தோன்றுபவை இத்தடங்கள்தாம்.

கருத்தின் தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் படைப் பயன்பாட்டிலிருந்து விடுபட்ட ஜீப்புகள் பொதுமக்கள் கைக்கு வந்ததை அடுத்து, அமெரிக்காவில் இப்பொழுதுபோக்கு வேகமாக வளர்ந்தது. அங்கு நடுவண் அரசின் நில மேலாண்மைச் செயலகம் மட்டும் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் நிலத்தைப் பேணி வருகிறது. இதில் பெரும்பகுதி மேய்ச்சல், சுரங்கம், பொழுதுபோக்கு எனப் பல பயன்பாடுகளுக்கும் திறந்துவிடப்பட்டது. பாலைநிலங்களிலும் காடுகளிலும் ஊர்தித் தடங்கள் பெருகவே, 1972ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் நிக்சன், பொது நிலங்களில் ஊர்திகள் செல்லத்தக்க பகுதிகளையும் செல்லக்கூடாத பகுதிகளையும் வரையறுக்குமாறு ஆணையிட்டார். 1977இல் கார்ட்டர் இவ்வாணையைக் கடுமையாக்கினார். 1985இல் அமெரிக்க வனத்துறை, 'மெல்ல மிதி' எனப் பொருள்படும் 'டிரெட் லைட்லி' என்ற பரப்புரையைத் தொடங்கியது. 1990இல் இது இலாப நோக்கற்ற தனி அமைப்பாக மாறியது. குறிக்கப்பட்ட தடத்தை விட்டு விலகாமை, பிறர் உரிமையை மதித்தல், முன்கூட்டியே அறிந்துகொள்ளுதல், எளிதில் சிதையும் இடங்களைத் தவிர்த்தல் ஆகியன இதன் நெறிகளுள் சில. உலகெங்குமுள்ள பல கழகங்களின் விதிகள் இவற்றையொட்டியே அமைந்துள்ளன.

இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947இல் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. நெடுங்காலம் இவை மலையூர்களிலும் தோட்டங்களிலும் சுமை ஏற்றவும் ஆட்களை ஏற்றவுமே பயன்பட்டன. 1985இல் வந்த மாருதி ஜிப்சி, 2010இல் வந்த மகிந்திரா தார் ஆகியவற்றுக்குப் பின்னரே நகர்ப்புறத்தாரிடம் இது பொழுதுபோக்காகப் பரவியது எனலாம். 2020இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறைத் தார் இவ்வெண்ணிக்கையைப் பெருக்கியது.

நிலமும் உரிமையும்

கொல்லிமலையின் நிலத்தைப் பொதுவாக மூன்றாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது காப்புக்காடு. இது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்தின் கீழ் அமைவது. இச்சட்டம் தற்போது தமிழ்நாடு வனச்சட்டம் எனப்படுகிறது. காப்புக்காட்டினுள் அனுமதியின்றி நுழைதல், தீ மூட்டுதல், மரங்களுக்குச் சேதம் விளைவித்தல் ஆகியன குற்றங்களாகும். அமெரிக்கக் காடுகளில் 'தடை செய்யப்படாத தடத்தில் செல்லலாம்' என்ற நிலை பல இடங்களில் இருந்தது. இங்கு நிலைமை நேரெதிரானது. அனுமதிக்கப்படாத எதுவும் தடை செய்யப்பட்டதே.

இரண்டாவது பட்டா நிலம். மலைச்சரிவில் அறுவடைக்குப் பின் வெறுமையாகக் கிடக்கும் சாமைக்காடு, நகரத்தார் கண்ணுக்குத் தரிசாகத் தோன்றலாம். அது ஒரு குடும்பத்தின் விளைநிலம். சரிவுகளில் மண் அரிக்காதிருக்கக் கல்லடுக்கி அமைத்த வரப்புகள் ஒரு தலைமுறையின் உழைப்பாக இருக்கக்கூடும். அவற்றின் மீது ஒருமுறை ஊர்தி ஏறினாலே போதும், அடுத்த மழையில் அவ்விடத்தில் உடைப்பு ஏற்படும்.

மூன்றாவது புறம்போக்கு. இச்சொல்லை யாருக்கும் சொந்தமில்லாத நிலம் எனப் புரிந்துகொள்வது பரவலான பிழை. வருவாய்த்துறைப் பதிவேடுகளில் பாதை, ஓடை, மேய்ச்சல் நிலம், கோயில், சுடுகாடு போன்ற பொதுத் தேவைகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலமே புறம்போக்கு ஆகும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வனநிலங்களில் பழங்குடியினரின் தனியுரிமையோடு சமூக உரிமையையும் ஏற்றுக்கொள்கிறது. காட்டையும் நீர்நிலைகளையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளிக்கிறது. எனவே இம்மலையில் ஓர் ஊர்திக் கழகம் அனுமதி கேட்க வேண்டிய இடங்களில் வனத்துறை அலுவலகம் ஒன்றே ஒன்று அன்று; ஊர்மக்களும் அதில் அடங்குவர்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின் அதே ஆண்டில் வனப்பகுதிகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு தனி விதிகளை இயற்றியது. 2024இல் நடைப்பயணிகளுக்காக 40 தடங்களைக் கொண்ட திட்டமும் தொடங்கப்பட்டது. இவை காலால் நடப்போருக்கானவை. இவற்றைக் காட்டி ஊர்தி ஓட்டுவதற்கு உரிமை கோர இயலாது.

ஊர்தியின் இயக்கம்

இவ்வகை ஊர்திகளில் கியர் பெட்டியை அடுத்து 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' எனப்படும் மற்றொரு பெட்டி உள்ளது. இதுவே எஞ்சினின் ஆற்றலை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கிறது. இதிலுள்ள தாழ்நிலைக் கியரை இணைக்கும்போது வேகம் பாதி அளவுக்கும் கீழே குறைந்து, சக்கரத்தைச் சுழற்றும் விசை அதே மடங்கு கூடுகிறது. செங்குத்தான தடத்தில் நடக்கும் வேகத்தில், சக்கரம் வழுக்காமல் ஏறவும் இறங்கவும் முடிவது இதனாலேயே.

தார் போன்ற ஊர்திகளில் நாற்சக்கர இயக்கத்தை இணைத்ததும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பிணைக்கப்படுகின்றன. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விடக் கூடுதல் தொலைவைக் கடக்க வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் இவ்வேறுபாடு சக்கரம் சற்றே வழுக்குவதால் தீர்ந்துவிடும். உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால் அச்சுகளும் பற்சக்கரங்களும் முறுக்கப்படுகின்றன. ஆகவே கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் நாற்சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு ஏறுவது வீரமன்று, ஊர்திக்குக் கேடு. அங்கு வேண்டியது இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினின் பிடிப்பைப் பயன்படுத்துவதும், ஏறிவரும் ஊர்திக்கு இறங்கும் ஊர்தி வழிவிடுவதுமே. பின்னது வெறும் நயத்தகு வழக்கம் அன்று; இந்தியச் சாலை விதிகளிலேயே இடம்பெற்றுள்ளது.

ஊர்தியை உயர்த்துதல், பெரிய டயர் பொருத்துதல் போன்ற மாற்றங்கள் ஆர்வலர்களிடையே பரவலாக உள்ளன. தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து விலகும் வகையில் ஊர்தியை மாற்றியமைக்கக் கூடாது என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை மேற்கோள் காட்டி உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்தது.

மண்ணும் நீரும்

ஒரு டயர் தரையில் செலுத்தும் அழுத்தம், ஏறத்தாழ அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும். காற்றை ஓரளவு குறைத்தால் டயர் பரந்து, அழுத்தம் குறைகிறது, பிடிப்பும் கூடுகிறது. கரட்டுப் பாதைக்கு முன் காற்றைக் குறைப்பதும், தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் நிரப்புவதும் இதனாலேயே. ஆனால் மண்ணுக்குப் பெருங்கேடு எடையால் மட்டும் வருவதில்லை, சுழலும் சக்கரத்தால் வருகிறது. ஈரமண்ணில் சக்கரம் நகராமல் சுழன்றால் மேல்மண்ணைப் பிய்த்தெறிந்து பள்ளம் பறிக்கும். சரிவில் அப்பள்ளம் மழைநீருக்கு வாய்க்காலாகிறது. நீர் ஒரே இடத்தில் திரண்டு வேகத்துடன் ஓடுவதால், ஒரு சாண் பள்ளம் சில பருவங்களில் ஊர்தி செல்ல இயலாத ஓடையாக மாறக்கூடும்.

பொழுதுபோக்குக்கு வந்தவருக்கு அத்தடம் வேண்டாமற்போனால் வேறு தடம் கிடைக்கும். ஊராருக்கு மாற்றுவழி இல்லை. பலாப்பழமும் மரவள்ளியும் சந்தைக்கு வருவதும், பேறுகால வலியெடுத்த பெண் செம்மேட்டு மருத்துவமனைக்கு வந்து சேர்வதும் அதே மண்தடத்தின் வழியாகத்தான். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் திசம்பர் வரையான மாதங்களே சேற்றில் ஓட்டுவதை விரும்புவோருக்கு உகந்த காலமாகத் தோன்றும். தடங்கள் மிக எளிதில் சிதைவதும் அப்போதுதான்.

ஓடைகளைப் பொறுத்தவரை, மேட்டுநிலத்தில் பிறக்கும் ஐயாறு அறப்பளீசுவரர் கோயிலை அடுத்து ஆகாய கங்கை அருவியாக வீழ்ந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் புளியஞ்சோலை வழியாகச் சமவெளியை அடைகிறது. மேலே ஓடையில் கலக்கும் சேறும் எஞ்சின் எண்ணெயும் கீழே குளிப்போரையும் பாசனம் செய்வோரையும் சென்றடையும்.

கழகங்களின் நடைமுறைகள்

தமிழ்நாட்டில் இத்தகைய கழகங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொள்ள முடியும். போட்டியாக நடத்துவதானால் அது வேறு வகைப்பட்டது; இந்தியாவில் மோட்டார் விளையாட்டுகளை இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு நெறிப்படுத்துகிறது.

நல்ல கழகங்களில் புதியவர் தனியாகச் செல்ல அனுமதிக்கப்படுவதில்லை. குறைந்தது இரண்டு ஊர்திகள் சேர்ந்தே செல்ல வேண்டும். ஒன்று சிக்கினால் மற்றொன்று இழுக்க வேண்டும் என்பதே நோக்கம். வின்ச் கயிற்றை நேரடியாக மரத்தில் கட்டினால் பட்டை அறுந்து மரம் பட்டுப்போகும். ஆதலால் அகன்ற பட்டை வாரையே மரத்தைச் சுற்றிக் கட்டுவர். கடினமான இடத்தில் ஒருவர் இறங்கி நடந்து, சக்கரம் செல்ல வேண்டிய வழியைக் கையசைவால் காட்டுவார். ஓடையைக் குறுக்காக, ஏற்கனவே உள்ள துறையில் மட்டும் கடப்பர்; ஓடையின் நீளவாக்கில் ஓட்டுவதில்லை. சேறான இடத்தைத் தவிர்க்க ஓரத்தில் புதுத்தடம் போடுவது இயல்பான தூண்டுதல். அதனால் தடம் ஆண்டுதோறும் அகன்றுகொண்டே போகும். கடக்க இயலாவிடில் திரும்பிவிடுவதே நெறி. கோடையில் உலர்ந்த புல்லின் மீது சூடான புகைப்போக்கியுடன் ஊர்தியை நிறுத்துவது தீக்குக் காரணமாகலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஒப்பிடத்தக்க இடங்கள்

தேனி மாவட்டத்திலுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஊர்தி வழி கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்தே உள்ளது. கரடுமுரடான அத்தடத்தில் பயணிகளை அழைத்துச் செல்வோர் உள்ளூர் ஜீப் ஓட்டுநர்கள். ஒரே தடம், பழகிய ஓட்டுநர், நுழைவில் கட்டணம் என்ற இம்முறையில் வருவாய் உள்ளூரிலேயே தங்குகிறது. சேதமும் ஒரு தடத்தோடு நிற்கிறது.

இதற்கு மாறாக, 2022 மே மாதத்தில் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் நடைபெற்ற கரட்டுப் பாதை ஓட்டம் வழக்கில் முடிந்தது. உரிய அனுமதி பெறவில்லை என்பதும், தோட்டப் பயிருக்கென அளிக்கப்பட்ட நிலம் வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தப்பட்டது என்பதும் அதில் எழுந்த குற்றச்சாட்டுகள். நிகழ்ச்சி நடந்தது காட்டில் அன்று, தனியார் தோட்டத்தில் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.