காட்டுப்பள்ளிக் கரையில் படகு எஞ்சின்: வருகையும் பழுது அறிதலும்

காட்டுப்பள்ளி, திருவள்ளூர் மாவட்டத்தில் எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே உள்ள நீண்ட மணல்திட்டு. கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கழிமுகமும். வடக்கே பழவேற்காடு ஏரி தொடங்குகிறது. இப்பகுதி மீனவர்கள் ஏரியிலும் கடலிலும் தொழில் செய்பவர்கள். ஏரியில் முறைவைத்து வலையிடும் 'பாடு' முறையைப் பற்றி நிறைய ஆய்வுகள் வந்துள்ளன. கடலுக்குப் போகும் படகில் எஞ்சின் ஏறிய பின் மீனவரின் அறிவில் நேர்ந்த மாற்றம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அந்த மாற்றத்தை ஒரே கேள்வியைக் கொண்டு பார்க்கலாம்: எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது?

பாய் இருந்த காலம்

கட்டுமரம் எடை குறைந்த மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. அலை மேலே ஏறினாலும் இடுக்கு வழியாக வடிந்துவிடும், கலம் மூழ்காது. முக்கோணப் பாயும் துடுப்பும் அதன் விசை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருந்தவர்கள் மீனவர்கள். காற்று விழுந்துவிட்டால் துடுப்பு போட்டுக் கரை சேர்வார்கள். தாமதமாகும், கை வலிக்கும், ஆனால் வழி இருந்தது. இன்றைய கண்ணாடியிழைப் படகில் பெரும்பாலும் பாய்மரம் கிடையாது. துடுப்பு இருந்தாலும் வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றிய படகை அதைக்கொண்டு நீரோட்டத்துக்கு எதிரே கரை சேர்ப்பது கடினம். எஞ்சின் நின்றால் படகு நீரோட்டம் போகும் பக்கம் போகும். காட்டுப்பள்ளியில் இது கூடுதல் ஆபத்து. தெற்கே 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர் (இன்றைய காமராஜர்) துறைமுகம், அதை ஒட்டி 2013 முதல் இயங்கும் காட்டுப்பள்ளித் துறைமுகம், இரண்டுக்கும் கல் கொட்டிய அலைத்தடுப்புகள், அவற்றை நோக்கி வரும் பெரிய கப்பல்கள். அந்த நீரில் செயலற்று மிதப்பதை எந்தப் படகோட்டியும் விரும்பமாட்டார்.

எஞ்சின் வந்த வழி

இந்தியாவில் மீன்பிடிப் படகுகளை இயந்திரமயமாக்கும் முதல் பெரிய முயற்சிகளுள் ஒன்று, கொல்லம் அருகே நீண்டகரையில் 1953இல் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம். அதன் தொடர்ச்சியாக வளர்ந்த விசைப்படகுகளுக்கு ஆழமான துறைமுகம் வேண்டும். திறந்த மணற்கரையில் அலையைக் கிழித்து ஏறி இறங்கும் சோழமண்டலக் கரைக்கு அவை பொருந்தவில்லை. கரை மீனவருக்கு அவை போட்டியாகவும் வந்தன. அந்த மோதலின் விளைவே, கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகுகளைத் தடைசெய்த 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம்.

1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு நடத்திய வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கியது. கரையிலேயே ஏற்றி இறக்கக்கூடிய படகுகளை வடிவமைத்துச் சோதித்தது அதன் பணிகளுள் ஒன்று. சிறிய டீசல் எஞ்சின், கரை தட்டும்போது மேலே தூக்கிக்கொள்ளக்கூடிய விசிறித் தண்டு என்பதே அதன் அடிப்படை. தாய்லாந்துப் படகுகளில் பழகிய நீண்ட தண்டு எஞ்சினும் இதே தேவைக்குக் கிடைத்த விடைதான். ஆழம் குறைந்த பழவேற்காட்டு முகத்துவாரத்தைக் கடக்க, தண்டைத் தூக்கும் வசதி இல்லாத எஞ்சின் உதவாது.

கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகு பிடிக்கத் தொடங்கியது 1990களில்தான். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகப் படகுகளும் எஞ்சின்களும் வழங்கப்பட்டபோது மாற்றம் விரைவாக முடிந்தது. பாயைக் கையாளத் தெரிந்த ஒரு தலைமுறை இருந்தபோதே பாய் காணாமல் போனது.

கேரளக் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளிப்பொருத்து எஞ்சின் பரவியது. சோழமண்டலக் கரையில் ஒற்றை சிலிண்டர் டீசல் பரவியது. இவற்றுள் பெயர்பெற்ற கிரீவ்ஸ் லம்பார்டினி வகை, இத்தாலியில் 1933இல் தொடங்கிய லம்பார்டினி நிறுவனத்தின் வடிவமைப்பு வழி வந்தது. இதே குடும்பத்து எஞ்சின் சரக்கு ஆட்டோக்களிலும் ஓடியது. ஆகவே பிஸ்டன் ரிங்கோ நாசிலோ வேண்டுமென்றால் ஆட்டோ உதிரிபாகக் கடைக்குப் போனால் போதும். டீசல் இக்கரையில் நிலைத்ததற்கு எரிபொருள் செலவு ஒரு காரணம். பழுது பார்க்க ஆள் கிடைத்ததும் அதே அளவுக்கு முக்கியம் என்றே கருத வேண்டும்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். உப்புக்காற்றில் முதலில் கெடுவது மின் இணைப்புதான். ருடால்ஃப் டீசல் 1897இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அது சூடாகும், அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றும். எனவே டீசல் எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், தேட வேண்டிய இடங்கள் குறைவு: டீசல் வருகிறதா, காற்று போகிறதா, நெருக்கம் இருக்கிறதா.

முதல் சாட்சி புகை. கைப்பிடி போட்டுச் சுற்றும்போது புகைக்குழாயில் எதுவுமே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. இந்த ஒரு குறிப்பு பாதி வேலையை முடித்துவிடும்.

புகையே இல்லாதபோது, நிறுத்தும் நெம்புகோல் நிறுத்திய நிலையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் அவசரத்தில் நடப்பதுதான். அடுத்து டாங்கி, திறப்பு, பில்டர். டாங்கி வற்றும்வரை ஓட்டியிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும். பம்பு காற்றை அமுக்குமே தவிர டீசலைத் தள்ளாது. பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு இறுக்குவதை மெக்கானிக்குகள் 'ஏர் எடுப்பது' என்பார்கள். பிறகு நாசில் குழாயின் நட்டைத் தளர்த்திச் சுற்றினால் டீசல் விட்டுவிட்டுத் துள்ள வேண்டும். துள்ளினால் பம்பு நலம். நாசில் வேலை செய்யும்போது உள்ளே 'கிர்க்' என்று ஒரு ஒலி கேட்கும். அந்த ஒலியைக் காதால் அறிந்தவருக்கு அளவி தேவைப்படுவதில்லை. துள்ளும் டீசலின் அருகே விரல் வைக்கக் கூடாது. நாசில் வழியே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தம் கொண்டது.

வெள்ளைப் புகை வந்தால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம், அல்லது நெருக்கம் போயிருக்கலாம். நெருக்கத்தை அறியக் கையே கருவி. நெருக்கத்தைத் தளர்த்தும் நெம்புகோலைத் தொடாமல் கைப்பிடியை மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் எதிர்த்து நின்று, திருப்பித் தள்ள வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் ரிங் தேய்ந்திருக்கும், வால்வு சரியாக அமராமல் இருக்கும், அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். காற்று நுழையும் வழியில் சிறிது எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி திருப்பும்போது எதிர்ப்பு கூடினால் குற்றம் ரிங்கில். கூடாவிட்டால் வால்வையோ கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும்.

கைப்பிடி ஓரிடத்தில் கல் போல நின்றுவிட்டால் வலுக்கட்டாயமாகச் சுற்றக் கூடாது. அலையடித்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். தண்ணீரை நெருக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக் கார்களில், தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்த்த உரிமையாளர்கள் சந்தித்த ஆபத்தும் இதுவே.

காரில் நேர்ந்த மாற்றம்

கார்களும் ஒரு காலத்தில் கைப்பிடியில்தான் கிளம்பின. சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தபோது கையின் வேலை காதுக்கு மாறியது. சீராக விட்டுவிட்டுக் கேட்கும் சுழற்சி நெருக்கம் உண்டு என்று சொல்லும், தடையே இல்லாமல் வேகமாகச் சுழலும் ஒலி டைமிங் பெல்ட் அறுந்ததைச் சொல்லும். பின்னர் தீப்பொறியின் நேரத்தையும் பெட்ரோலின் அளவையும் கணினி எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் பொதுவான பழுதுக் குறியீட்டு முறை கட்டாயமானது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பின் கணினி இல்லாத புதிய கார் கிடையாது. கிராங்க் நிலையைக் காட்டும் ஒரு சிறு சென்சார் செத்தால் போதும், எஞ்சின் அழகாகச் சுற்றும், தீப்பொறியும் வராது, பெட்ரோலும் வராது. அதைக் கையாலோ காதாலோ கண்டுபிடிப்பது அரிது. சென்னையைச் சுற்றிய ஆலைகளில் செய்த இத்தகைய கார்கள் காமராஜர் துறைமுகத்தில் கப்பலேறுகின்றன. வடக்கே சிறிது தொலைவில் கைப்பிடி எஞ்சினோடு படகுகள் கடலுக்கு இறங்குகின்றன.

பழைய எஞ்சின் வாங்கும்போது

புதிய எஞ்சினுக்குப் பணம் இல்லாதவர் பழையதை வாங்குவார். காருக்கும் படகுக்கும் இதில் சோதனை ஒன்றே: எஞ்சின் ஆறிக் குளிர்ந்திருக்கும்போது கிளப்பச் சொல்ல வேண்டும். நெருக்கம் குறைந்த எஞ்சினும் சூடாக இருந்தால் பிடித்துவிடும், விடியற்காலையில்தான் குணம் காட்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று சிலிண்டரைத் தொட்டுப் பார்ப்பது தவறில்லை. எண்ணெய்க் கோலை உருவினால் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கையில் புகை தள்ளிக்கொண்டு வந்தால் ரிங் முடிந்துவிட்டது. அந்த எஞ்சின் கரையில் பிடிக்கும், முகத்துவாரத்தைத் தாண்டி ஒரு முறை நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பும்போது பிடிக்காமல் போகும்.