ஹிரோஷிமாவில் ஆடிய ஆட்டம்

'கோ' என்னும் பலகையாட்டத்தைப் பயிலவும் ஊர்களைக் காணவும் ஜப்பான் சென்றேன். இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்றே எண்ணியிருந்தேன். கியோட்டோவில் அவ்வெண்ணம் கலைந்தது. ஆட்டக்காரர் போட்டியிடும் 'ஹொனின்போ' பட்டம், அந்நகரத்து ஜாக்கோஜி ஆலயத்தில் சன்சா (1559–1623) என்ற துறவி வாழ்ந்த மனையின் பெயரேயாகும்!

அப்பட்டத்திற்கான 1945ஆம் ஆண்டுப் போட்டியே என்னை ஹிரோஷிமாவிற்கு இழுத்தது. முதல் ஆட்டம் நகரினுள் நடந்தது. அபாயம் கருதிக் காவலர் தடுக்கவே, இரண்டாவது ஆட்டம் மேற்கே இட்சுகாயிச்சி என்னும் புறநகருக்கு மாறிற்று. ஆகஸ்டு 6ஆம் நாள் காலை, ஹாஷிமோட்டோ உத்தாரோவும் இவமோட்டோ கவுருவும் மூன்றாம் நாள் ஆட்டத்திற்கு அமர்ந்தனர். அணுகுண்டு வெடித்தது. கண்ணாடிகள் நொறுங்கின; காய்கள் சிதறின. நேர்ந்தது இன்னதென்று அறியாமலே அறையை ஒழுங்குசெய்து, காய்களை முன்போல் அடுக்கி, ஆட்டத்தைத் தொடர்ந்தனர். ஹாஷிமோட்டோ 5 புள்ளியில் வென்றார். இதனைக் கல்நெஞ்சம் என்பாரும் உளர்; எனக்கு அவ்வாறு சொல்ல நா எழவில்லை.

குண்டிற்குத் தப்பி நின்ற கூண்டு மாளிகையைப் பார்த்துவிட்டு, அன்றிரவு விடுதியில் அவ்வாட்டத்தை ஒவ்வொரு காயாய் வைத்துப் பார்த்தேன். குண்டு எந்தக் காய்க்கும் எந்தக் காய்க்கும் நடுவே விழுந்ததென்று பலகையில் தெரியவில்லை.