ஹோஸ்ட்ஸ் கோப்பு: வழிகாட்ட வந்தது, வழிமறித்தது

விண்டோஸ் கணினியில் சி டிரைவுக்குள் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு கிடைக்கும். நோட்பேடில் திறந்தால் வெறும் எழுத்தும் எண்ணும்தான். வேண்டாத தளங்களையும் விளம்பரங்களையும் வீட்டுக் கணினிக்குள் விடாமல் நிறுத்த, காசு செலவில்லாமல் மக்கள் கையில் எடுத்த முதல் கருவிகளுள் இதுவும் ஒன்று. ஆனால் எதையும் தடுப்பதற்காக இது பிறக்கவில்லை.

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் 1969இல் நான்கு கணினிகளுடன் தொடங்கியது. வலையில் இருந்த ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. எண்ணை நினைவில் வைப்பதைவிடப் பெயர் சொல்வது எளிது என்பதால், ஒவ்வொரு நிலையமும் தனக்கென்று ஒரு பெயர்ப் பட்டியல் எழுதி வைத்துக்கொண்டது. விளைவு, ஒரே கணினிக்கு ஊருக்கு ஒரு பெயர். 1971இல் பெக்கி கார்ப் என்பவர் பெயர்களைச் சீராக்க ஒரு முன்மொழிவு எழுதினார். ஆளுக்கொரு பட்டியல் வைத்துத் திருத்துவது வீண் வேலை, ஒரே இடத்தில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்ளலாமே என்று 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச் என்பவர் கேட்டார். கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் நடத்திய வலைத் தகவல் மையம் அந்தப் பொறுப்பை ஏற்றது. ஜேக் என்று எல்லோரும் அழைத்த எலிசபெத் ஃபைன்லர் அதன் தலைவர். புதிதாக ஒரு கணினி வலையில் சேர்ந்தால் மையத்துக்குத் தகவல் போகும். மையம் பட்டியலில் ஒரு வரி கூட்டும். மற்றவர்கள் புதிய பட்டியலை இறக்கிக்கொள்வார்கள். ஒரு வலையமைப்பு முழுவதும் ஹோஸ்ட்ஸ் என்ற ஒரே ஓர் எழுத்துக் கோப்பை நம்பி இயங்கியது.

கணினிகள் பெருகப் பெருக இந்த ஏற்பாடு மூச்சுத் திணறியது. 1983 நவம்பரில் பால் மொகாபெட்ரிஸ் என்பவர் டிஎன்எஸ் என்ற டொமைன் பெயர் முறையின் வரையறையை வெளியிட்டார். ஒரே பட்டியலுக்குப் பதிலாக, பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் சர்வர்கள் பல இடங்களில் பரவின. பழைய கோப்பு அதோடு ஒழிந்திருக்கலாம். ஆனால் யூனிக்ஸ் அதை விடவில்லை. யூனிக்ஸின் வழக்கத்தை விண்டோஸும் எடுத்துக்கொண்டது. ஈடிசி என்ற கோப்புறைப் பெயரே அந்த உறவின் அடையாளம். முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார், அதில் இல்லாவிட்டால் டிஎன்எஸ் சர்வரைக் கேள் என்ற வரிசையும் அப்படியே தங்கியது. பிற்காலத்துத் தடுப்பு வேலை முழுவதும் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்ததுதான்.

1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு தளத்தில் ஏடி அண்டு டி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் தோன்றியது. இணையப் பக்கத்தில் வந்த முதல் பேனர்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. அன்றைய 28.8 கிலோபிட் மோடத்தில் 12 கிலோபைட் படம் ஒன்று வந்து சேர மூன்று வினாடிக்கு மேல் ஆகும். தொலைபேசிக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்க, யாரோ விற்கும் பொருளின் படத்துக்காகக் காத்திருப்பது எரிச்சலூட்டியதில் வியப்பில்லை. 1996இலேயே பிரைவ்நெட் என்ற சிறு நிறுவனம் விளம்பரங்களை நீக்கும் மென்பொருளை வெளியிட்டது. ஏறத்தாழ அதே சமயத்தில் டபுள்கிளிக் போன்ற விளம்பர வலையமைப்புகள் தலையெடுத்தன. ஆயிரக்கணக்கான தளங்களின் விளம்பரங்கள் ஒரு சில சர்வர்களிலிருந்து வரத் தொடங்கின. வியாபாரத்துக்கு வசதியான இந்தக் குவிப்பே அதன் பலவீனமும் ஆனது.

127.0.0.1 என்ற எண் எந்தக் கணினியிலும் அந்தக் கணினியையே குறிக்கும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் வழக்கமாக இருக்கும் வரி ‘127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட்’. அதன் கீழே ‘127.0.0.1 ஆட்.டபுள்கிளிக்.நெட்’ என்று ஒரு வரியை ஆங்கிலத்தில் தட்டிச் சேமித்தால் போதும். உலாவி விளம்பரத்தைக் கேட்கும். கேள்வி வீட்டு வாசலைத் தாண்டாமல் தன் கணினிக்கே திரும்பி வரும். அங்கே விளம்பரம் ஏது? செய்திப் பக்கம் வந்துவிடும், பேனர் இருக்க வேண்டிய கட்டத்தில் உடைந்த படத்தின் குறி மட்டும் நிற்கும். எந்த எந்திரத்தையும் குறிக்காத 0.0.0.0 என்ற எண்ணைப் பின்னாளில் பலர் விரும்பினார்கள். பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் அதில் இன்னும் குறைவு. நடைமுறையில் சறுக்கிய இடமும் ஒன்று உண்டு. கோப்பின் பெயருக்கு வால் இருக்கக் கூடாது, நோட்பேடோ கேட்காமலே டிஎக்ஸ்டி என்று சேர்த்துவிடும். எல்லாம் சரியாக எழுதியும் விளம்பரம் நிற்காததற்குப் பல வீடுகளில் இதுவே காரணம்.

பிள்ளைகளைக் காக்கும் வடிகட்டிகள் இன்னொரு பக்கம் வளர்ந்தன. சர்ஃப்வாட்ச் 1995இல் விற்பனைக்கு வந்தது. சைபர் பேட்ரோல், நெட் நானி போன்றவையும் கடைக்கு வந்தன. இவற்றில் சில தங்கள் தடைப் பட்டியலை மறையாக்கம் செய்து பூட்டியே வைத்திருந்தன. எது ஏன் தடுக்கப்படுகிறது என்று பணம் கொடுத்து வாங்கிய பெற்றோருக்கே தெரியாது. மருத்துவத் தகவல் பக்கங்களும் சேர்ந்து மறைந்தன. ஆனாலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2004இல், குழந்தைகளைக் காக்கத் தண்டனைச் சட்டத்தைவிட இத்தகைய வடிகட்டிகள் பேச்சுரிமையைக் குறைவாகப் பாதிப்பவை என்று கருதியது. யாரும் திறந்து படித்து, பிடிக்காத வரியை அழித்துவிடக்கூடிய ஹோஸ்ட்ஸ் கோப்பு இந்த ஒரு விஷயத்தில் விலைக்கு வந்த சரக்கைவிட நேர்மையானது.

கையால் ஒவ்வொரு வரியாகத் தட்டிய காலம் விரைவில் முடிந்தது. எம்விபிஎஸ் போன்ற ஆயத்தப் பட்டியல்களைத் தன்னார்வலர்கள் தொகுத்து இலவசமாகத் தந்தார்கள். மென்லோ பார்க் மையம் செய்த வேலையேதான், நோக்கம் மட்டும் நேர்மாறு. பட்டியல் ஆயிரக்கணக்கான வரிகளாக நீண்டபோது விண்டோஸ் 2000, எக்ஸ்பி கணினிகள் தடுமாறின. டிஎன்எஸ் கிளையன்ட் என்ற சேவையை நிறுத்திவைக்கும்படி பட்டியல்காரர்களே அறிவுரை சொன்னார்கள்.

தடுக்கத் தெரிந்த கருவி தீயவர் கைக்கும் போனது. 2004 ஜனவரியில் பரவிய மைடூம்-பி புழு, தொற்றிய கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பை மாற்றி எழுதி, வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்களை அடைத்தது. மருந்துக்கடைக்குப் போகும் வழியை நோயே அடைத்ததுபோல. அந்தப் புழு எழுதிய பட்டியலில் டபுள்கிளிக்கின் விளம்பர சர்வரும் இருந்தது என்பது வேடிக்கை. இத்தகைய தாக்குதல்களுக்குப் பின் கோப்பின் மீது காவல் கூடியது. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் நிர்வாகி அனுமதியில்லாமல் அதைத் திருத்த முடியாது. 2012இல் விண்டோஸ் 8இன் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர், ஃபேஸ்புக்கையும் டபுள்கிளிக்கையும் தடுக்கப் பயனர் தாமே எழுதிய வரிகளைக்கூட அழித்துவிட்டது. 2020இல் மைக்ரோசாஃப்டின் தகவல் சேகரிப்பு சர்வர்களைத் தடுத்த கோப்புகளை அதே டிஃபெண்டர் ஆபத்து என்று அறிவித்தது. வீட்டுக்காரர் போட்ட தாழ்ப்பாளுக்கும் திருடன் போட்ட தாழ்ப்பாளுக்கும் அதற்கு வேறுபாடு தெரியவில்லை.

இதற்கிடையே போர்க்களம் உலாவிக்குள் மாறியிருந்தது. 1990களின் பிற்பாதியில் டிரைபாட் நிறுவனத்தில் ஈதன் சக்கர்மன் எழுதிய நிரலோடு பாப்-அப் விளம்பரங்கள் தொடங்கின. 2014இல் அவர் அதற்கு மன்னிப்புக் கேட்டார். பாப்-அப் தடுப்பை ஓபராவும் மொசில்லாவும் முந்தித் தர, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2004இல் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்குடன்தான் தந்தது. ஹோஸ்ட்ஸ் கோப்புக்குப் பெயர் மட்டுமே தெரியும், பக்கத்தின் உள்ளே எது விளம்பரம் என்று தெரியாது. அந்தக் குறையைத் தீர்த்தது ஆட்பிளாக். 2002இல் ஹென்ரிக் ஓஸ்டெட் சோரன்சன் என்ற டென்மார்க் மாணவர், பின்னாளில் ஃபயர்ஃபாக்ஸ் ஆன ஃபீனிக்ஸ் உலாவிக்காக எழுதிய நீட்சி அது. அதன் வழியில் 2006இல் விளாடிமிர் பலான்ட்டின் ஆட்பிளாக் பிளஸும், 2014இல் ரேமண்ட் ஹில்லின் யூபிளாக்கும் வந்தன. ஆட்பிளாக் பிளஸை நடத்தும் ஐயோ நிறுவனத்தின் மீது ஆக்செல் ஷ்பிரிங்கர் பதிப்பகம் தொடுத்த வழக்கில், விளம்பரத் தடுப்பு சட்டத்துக்கு விரோதமல்ல என்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

ஹோஸ்ட்ஸ் முறை வேறு உருவில் திரும்பியதும் இந்த ஆண்டுகளில்தான். ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் ஓடும் பை-ஹோல் வீட்டுக்கே ஒரு டிஎன்எஸ் சர்வராக நிற்கும். உலாவி நீட்சி ஏற்க முடியாத தொலைக்காட்சிக்கும் கைபேசிச் செயலிகளுக்கும் அதன் தடை பொருந்தும். அது படிக்கும் பட்டியல்களில் பல இன்றும் ஹோஸ்ட்ஸ் வடிவில் எழுதப்பட்டவை. அதன் எல்லையும் பழைய எல்லைதான். யூடியூப் போல, படம் வரும் சர்வர்களிலிருந்தே விளம்பரமும் வந்தால் பெயரை வைத்து ஒன்றை மட்டும் பிரித்து நிறுத்த வழியில்லை. உலாவியோ செயலியோ மறையாக்கம் செய்த டிஎன்எஸ் வழியே நேராக வெளியே கேட்டால், வீட்டுப் பட்டியலைப் புரட்டிப் பார்க்கும் வேலையே எழுவதில்லை.