கூட்டறிக்கைப் புத்தகமும் எங்கட சங்கங்களின் வரலாறும்: கட்டுகஸ்தோட்டையிலிருந்து சில குறிப்புகள்

எங்கட சமூக நிறுவனங்களைப் பற்றி எழுத உட்காருபவருக்கு முதலில் கையில் அகப்படுவது பொன்விழா மலர்தான். அதில் ஸ்தாபகரின் படம் இருக்கும். அமைச்சர் முதல் பிரதேச சபை உறுப்பினர் வரை பத்துப் பதினைந்து வாழ்த்துச் செய்திகள் இருக்கும். சங்கம் தொடங்கிய நாளும், கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய நாளும் இருக்கும். இடையிலே கிடந்த நாற்பத்தொன்பது வருஷமும் "பல்வேறு சமூக சேவைகள் முன்னெடுக்கப்பட்டன" என்ற ஒற்றை வசனத்துக்குள் முடிந்துவிடும். நானும் அப்படியான மலர்களில் கட்டுரை எழுதியிருக்கிறேன். அந்த வசனத்தை நானே எழுதியதும் உண்டு.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு சிறிய சேவைச் சங்கத்துக்குச் சில வருஷங்கள் செயலாளராக இருந்தேன். பொறுப்பை ஏற்ற அன்று எனக்கு முந்திய செயலாளர் ஒரு பையைத் தந்தார். "இதுதான் தம்பி சங்கம், பத்திரமா வெச்சிக்கங்க" என்றார். உள்ளே ஒரு ரப்பர் முத்திரை, ஒரு ரசீதுப் புத்தகம், நீல அட்டை போட்ட மூன்று கூட்டறிக்கைப் புத்தகங்கள். அவற்றை முழுதாக வாசித்தது வெகுநாள் கழித்துத்தான். வாசித்த பிறகு எங்கட ஊர்ச் சங்கங்களின் வரலாற்றை வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று பட்டது.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுகஸ்தோட்டை ஒரு சந்தி. கண்டியிலிருந்து வரும் ஏ9 வீதி மகாவலிப் பாலத்தைக் கடந்து அக்குறணை, மாத்தளைப் பக்கம் போகிறது. குருநாகல், புத்தளம் போகும் ஏ10 இங்கேதான் பிரிகிறது. மாத்தளைக்குப் போகும் ரயிலும் இங்கேதான் ஆற்றைத் தாண்டுகிறது. அக்குறணையைப் போல ஓரிடத்தில் செறிந்து வாழும் முஸ்லிம் ஊரல்ல இது. கடை வைத்தவர்கள், கண்டிக்கு உத்தியோகத்துக்குப் போய் வருபவர்கள், வாடகைக்கு வந்து தங்கிப்போனவர்கள், இப்படிக் கலந்த சனம். ஜும்ஆவில் தோளோடு தோள் உரச நிற்பவரின் வீடு எந்தப் பக்கம் என்று தெரியாது. இப்படியான ஊருக்குச் சங்கம் என்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் வழியும்கூட.

சங்கம் என்ற இந்த அச்சு எங்களுக்கு எங்கிருந்து வந்தது? 1844 இல் லண்டனில் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் தொடங்கியது. 1882 இல் அது கொழும்புக்கு வந்தது. 1898 இல் கொழும்பில் பௌத்த வாலிபர் சங்கம் உருவானது. கெய்ரோவில் முஸ்லிம் வாலிபர் சங்கம் 1927 இல் பிறந்தது. இங்கே ஊருக்கு ஊர் தனித்தனியாக இயங்கிய முஸ்லிம் வாலிபர் சங்கங்களை ஒரே குடையின் கீழ் கொண்டுவர 1950 இல் அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவை அமைந்தது. அதன் ஸ்தாபகத் தலைவர், அப்போது கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ். எங்கட சந்தியைத் தொட்டுப் போகும் அதே ஏ9 வீதியின் மறுமுனையான யாழ்ப்பாணத்தில், வண்ணார்பண்ணையில் பிறந்தவர் அவர். 1942 இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து கிழக்கு மக்களின் வறுமையை நேரில் கண்டவர். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தார். சங்கம் என்றால் கணக்கும் விதியும் வேண்டும் என்பது சிவில் சேவையில் பழகிய அவருக்கு இயல்பாக வந்திருக்கும்.

அதற்கு அறுபது, எழுபது வருஷம் முந்தியே கண்டியில் சித்திலெப்பை இருந்தார். அவர் 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை வெளியிட்டார், பாடசாலைகள் தொடங்கினார். ஒறாபி பாஷாவும் வாப்பிச்சி மரிக்காரும் அவரோடு சேர்ந்து உழைத்ததன் பலன்தான் 1892 இன் மருதானைப் பாடசாலை. இந்தப் பெயர்களை எங்கட பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அஸீஸ் கூட்டிய பேரவையும், ஊர்களில் இருந்த கிளைகளும் நின்று பிடித்தது மாதாமாதம் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களால். அவர்களுடைய பெயர் வரவு இடாப்பில் மட்டும்தான் இருக்கிறது.

அந்த மேசை கொண்டுவந்த மாற்றம் சின்னதல்ல. அதற்கு முன்பும் எங்கட ஊர்களில் நல்ல காரியம் நடந்தது. பள்ளிவாசலின் டிரஸ்டிமாரும் ஊர்ப் பெரியவர்களும் பொறுப்பெடுத்துச் செய்தார்கள். செலவு கூடினால் தன் மடியிலிருந்து போட்ட ஹாஜிமார் இருந்தார்கள். ஆனால் அங்கே கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு. சங்கத்தில் கேள்வி கேட்பது விதி. முந்திய மாதக் கணக்கைப் பொருளாளர் வாசித்தாக வேண்டும். கடைச் சிப்பந்தியாக இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் எழும்பி, "தலைவர் அவர்களே, வாடகைக்கு எடுத்த கதிரைக்கு ரசீது எங்கே?" என்று தன் முதலாளியிடமே கேட்கலாம். எங்கட இரண்டாவது புத்தகத்தில் இப்படி ஒரு கேள்வி பதிவாகி இருக்கிறது. அதற்குக் கிடைத்த பதிலும் இருக்கிறது: "அடுத்த கூட்டத்தில் சமர்ப்பிக்கப்படும்." அடுத்த மாதம் சமர்ப்பிக்கப்பட்டும் இருக்கிறது.

இதை மேற்கத்திய இறக்குமதி என்று ஒதுக்கிய பெரியவர்களும் அப்போது இருந்தார்களாம். குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத்து, அல்பகராவின் 282 ஆவது, கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. ஆலோசனையின் பெயரிலேயே ஒரு ஸூரா இருக்கிறது. எழுதி வைப்பதும் கலந்து பேசுவதும் எங்களுக்கு அந்நியமென்று எப்படிச் சொல்ல முடியும்?

ஒரு மாதக் கூட்டம் எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன். ஒரு வாரத்துக்கு முன் தபாலட்டை போகும். அன்று இஷாவுக்குப் பிறகு கூடுவார்கள். கிராஅத், தலைவரின் சிறு உரை, பிறகு சென்ற கூட்டறிக்கை வாசிப்பு. திருத்தம் இருந்தால் சொல்லலாம், இல்லாவிட்டால் ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிய அது உறுதியாகும். இந்தச் சடங்கைச் சிலர் கேலி செய்வார்கள். போன மாதம் ஒத்துக்கொண்டதை இந்த மாதம் "நான் அப்பிடிச் சொல்லல்லயே" என்று யாரும் மாற்றிப் பேசாமல் காத்தது அந்தச் சடங்குதான். அடுத்தது அறிக்கையிலிருந்து எழும் விடயங்கள்: யார் எதைச் செய்வதாக ஏற்றார், செய்தாரா. உண்மையான வேலை முழுவதும் இந்த இடத்தில்தான் நடக்கும், முகங்கள் சிவப்பதும் இங்கேதான். பிறகு கடிதங்கள், கணக்கு, வேறு விடயங்கள். ஸலவாத்தோடும் துஆவோடும் முடியும். பிளேன்டீயும் ஒரு துண்டு கேக்கும் யார் தலையில் என்பதையும் ஒரு செயலாளர் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு அல்லாஹ் நற்கூலி கொடுப்பானாக. அந்தக் காலத்துச் சிற்றுண்டி விலை எனக்குத் தெரிந்தது அவரால்தான்.

வேலைகள் வருஷத்தோடு சுழன்றன. பாடசாலை தொடங்கும் மாதத்தில் அப்பியாசக் கொப்பிகள், மீலாத் காலத்தில் கிராஅத், பேச்சுப் போட்டிகள், ரமழானில் கஞ்சி, பெருநாளைக்கு முன் பித்ரா அரிசி, இடையிடையே இரத்த தானம், கண் பரிசோதனை, மையவாடிச் சிரமதானம். ஜனாஸா வேலை எந்த மாதமும் வரும். ரமழானில் மாதக் கூட்டம் கிடையாது, ஆனால் கஞ்சிக் குழு தினமும் சந்திக்கும். அதற்கு அறிக்கை இல்லை.

இங்கே என்னை உறுத்தும் ஒரு விடயம். மூன்று புத்தகங்களிலும் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. "சகோதரிகளின் ஒத்துழைப்புக்கு நன்றி" என்று நாலைந்து இடத்தில் வருகிறது, அவ்வளவுதான். கஞ்சிக்கு வெங்காயம் உரித்தது யார், பித்ரா அரிசி எந்தக் குமர் இருக்கும் வீட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பியது யார் என்பது ஊருக்கே தெரியும். என்னுடைய உம்மாவுக்கும் ராத்தாமாருக்கும் தெரிந்த பட்டியல் எங்கட செயலாளர்கள் எவரிடமும் இருக்கவில்லை. கூட்டறிக்கையை நம்பி வரலாறு எழுதுபவர் இந்தப் பாதியை வாய்மொழியாகத்தான் தேட வேண்டும். தெரிந்தவர்களின் வயதைப் பார்த்தால் அவசரமாகத் தேட வேண்டும்.

மொழியும் கவனிக்க வேண்டியது. முதல் புத்தகத்தின் தொடக்கம் ஆங்கிலத்தில். உத்தியோகத்தர்கள் செயலாளராக இருந்த காலம். பிறகு தமிழ் வருகிறது, அரபுச் சொற்களைக் காதில் விழுந்தபடி எழுதிய தமிழ். மூன்றாம் புத்தகத்தில், சிங்கள மொழிமூலம் படித்த இளைஞர் ஒருவர் இரண்டு வருஷம் சிங்களத்தில் எழுதியிருக்கிறார். கூட்டம் நடந்தது தமிழில், அறிக்கை மட்டும் சிங்களத்தில். மலையகத்து முஸ்லிம்களின் மொழி மாற்றத்தைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு இப்படியான புத்தகங்கள் ஊருக்கு ஒன்றாவது கிடைக்கும் என்று நம்புகிறேன்.

எனது காலத்தில் தபாலட்டை போய் வட்ஸ்அப் வந்தது. இலேசாகத்தான் இருந்தது. அறிவித்தல் ஒரு நொடியில் போகும். கொஞ்ச நாளில் முடிவுகளும் அதிலேயே எடுக்கப்பட்டன. ஒருவர் யோசனை போடுவார், பத்துப் பேர் பெருவிரலைக் காட்டுவார்கள், முடிந்தது. எதிர்க் கருத்துள்ளவர் பேசாமல் இருப்பார். அறிக்கைப் புத்தகத்தில் அந்த மாதங்கள் வெள்ளைத்தாள்.

2018 மார்ச்சில் அதன் விலை தெரிந்தது. திகனையில் 5 ஆம் திகதி தொடங்கிய வன்முறை அக்குறணை, அம்பத்தென்னைப் பக்கம் வரை பரவியது. கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு, மறுநாள் நாடு முழுக்க அவசரகாலச் சட்டம், 7 ஆம் திகதி முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. பொய்யைப் பரப்பியவர்களைத் தடுக்க எடுத்த நடவடிக்கை எங்களையும் ஊமையாக்கியது. யார் வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு இன்சுலின் தேவை என்று விசாரிக்க வழியில்லை. என் கையடக்கத் தொலைபேசியில் பாதிப் பேரின் இலக்கம் செல்லப்பெயரோடு இருந்தது, மற்றப் பாதி குழுமத்துக்குள் மட்டும் இருந்தது. கடைசியில் கைகொடுத்தது பழைய சந்தா இடாப்பு. வீட்டு விலாசமும் நிலையான தொலைபேசி இலக்கமும் பவுண்டன் பேனாவால் எழுதிய இடாப்பு. எத்தனையோ இலக்கம் மாறியிருந்தது, ஆனாலும் இரவோடிரவாக முப்பது வீட்டோடு பேச முடிந்தது. சில இடங்களில் சிங்கள அயலவர்கள் எங்கட ஆட்களைத் தங்கள் வீட்டில் வைத்திருந்த செய்தியும் அப்படித்தான் தெரியவந்தது. ஊரடங்கு தளர்ந்து நடந்த கூட்டத்தின் அறிக்கையை நானே கையால் எழுதினேன். அதற்குப் பிறகு நான் பொறுப்பில் இருந்தவரை ஒரு மாதமும் வெள்ளைத்தாள் விடவில்லை.

இந்த மூன்றுக்கும் முந்திய ஒரு புத்தகம் இருந்ததாம். அன்றைய செயலாளர் வபாத்தான பின் வீட்டைத் துப்புரவாக்கியபோது பழைய பேப்பரோடு நிறுத்துக் கொடுத்துவிட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதைக் கேட்டுப் போக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே. இருப்பவற்றை இப்போது பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். வேறு ஊர்ச் சங்கங்களின் பழைய செயலாளர்கள் இதை வாசித்தால், அலுமாரியின் மேல்தட்டை ஒருமுறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

படம் பிடிக்கும்போது இரண்டாம் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் நின்றேன். யாப்பில் 'கூட்ட நடப்பெண்' என்றிருந்தாலும் எல்லோரும் சொல்வது 'கோரம்'. எங்களுக்கு அது பதினொன்று. மூன்று மாதம் தொடர்ந்து ஒரே வசனம்: "கோரம் இல்லாமையால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது." வந்தவர்களின் தொகை ஐந்து, பிறகு நாலு, பிறகு மூன்று. நாலாவது மாதம் பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இடையில் யாரோ வீடு வீடாகப் போயிருக்க வேண்டும். யார் என்று மூத்த அங்கத்தவர் ஒருவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த மூணு பேரும்தான் போயிருப்பாங்க, வேற யாரு" என்றார். கையெழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தோம். இரண்டை வாசிக்க முடிந்தது.