பெங்களூரு – சென்னை வார இறுதிச் சாலைப் பயணம்

பெங்களூரு – சென்னை வார இறுதிச் சாலைப் பயணம் என்பது, இவ்விரு நகரங்களுள் ஒன்றில் பணிபுரிவோர் மற்ற நகரில் வாழும் நண்பர்களையும் உறவினர்களையும் காண, வெள்ளி இரவிலோ சனிக்கிழமை காலையிலோ சாலை வழியாகப் புறப்பட்டு, ஞாயிறு இரவு அல்லது திங்கள் விடியற்காலைக்குள் திரும்பும் வழக்கத்தைக் குறிக்கும். இரு நகரங்களுக்கும் இடையிலான சாலைத் தொலைவு ஏறத்தாழ 350 கி.மீ. ஆகும். ஒரே நாளில் சென்று சேரக்கூடிய, ஆனால் ஒரே நாளில் சென்று திரும்புவதற்குக் கடினமான இத்தொலைவே இப்பயணத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது.

பின்னணி

நண்பரைக் காண நெடுந்தொலைவு செல்வது தமிழ் மரபில் பழமையான செய்தியாகும். பாண்டிய நாட்டில் வாழ்ந்த பிசிராந்தையார், தாம் அதுவரை நேரில் கண்டிராத நண்பர் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது அவரைத் தேடிச் சென்றதைப் புறநானூற்றின் வழி அறிகிறோம்.

தற்காலத்தில் இவ்வழக்கம் பரவ, கல்வியும் வேலைவாய்ப்பும் காரணமாயின. 1985ல் டெக்சாசு இன்சுட்ருமெண்ட்சு நிறுவனம் பெங்களூருவில் தன் மையத்தைத் தொடங்கியது. 1990களில் அந்நகரின் மென்பொருள் துறை விரைந்து வளர்ந்தது. சென்னையில் 2000ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ஒரே கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர்கள் படிப்பு முடிந்ததும் இவ்விரு நகரங்களுக்கும் பிரிந்து செல்வது இயல்பாயிற்று. ஐந்து நாள் வேலை வாரம் உள்ள பணிகளில் சனியும் ஞாயிறும் விடுமுறையாக அமைவதால், நண்பர்களைச் சந்திப்பதற்கு வார இறுதி ஏற்ற காலமானது.

சாலையின் வரலாறு

முற்காலத்தில் முதன்மை வழி கோலார், முல்பாகல், பலமனேர், சித்தூர், இராணிப்பேட்டை வழியாகச் சென்றது. பழைய தேசிய நெடுஞ்சாலை 4 இவ்வழியே அமைந்திருந்தது. பெங்களூருவில் அல்சூரை ஒட்டிச் செல்லும் சாலை இன்றும் பழைய மதராசு சாலை என்றே அழைக்கப்படுவது குறிப்பிடத்தக்கது.

தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில், ஒசூர், கிருட்டிணகிரி, வேலூர் வழியாகச் செல்லும் தடம் நான்கு வழிகளாக மேம்படுத்தப்பட்டது. தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நகரங்களை இணைக்கும் 5,846 கி.மீ. நீளமுள்ள இத்திட்டம் 2012 சனவரியில் நிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்டது. கிருட்டிணகிரி – வாலாசாப்பேட்டைப் பகுதி பின்னர் ஆறு வழிகளாக விரிவாக்கப்பட்டது. பெங்களூருவில் சில்க் போர்டு சந்திப்பிலிருந்து மின்னணு நகரம் வரையிலான உயர்மட்டச் சாலை 2010 சனவரியில் திறக்கப்பட்டது.

நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் வழங்கப்பட்டபின், சென்னையிலிருந்து கிருட்டிணகிரி, பெங்களூரு வழியாக மும்பை, தில்லி வரை செல்லும் சாலை தேசிய நெடுஞ்சாலை 48 ஆனது. கிருட்டிணகிரிக்கும் பெங்களூருவுக்கும் இடையில் தேசிய நெடுஞ்சாலை 44ம் இதே தடத்தில் செல்கிறது.

வழித்தடம்

பெங்களூருவிலிருந்து ஏறத்தாழத் தொலைவுகள் பின்வருமாறு:

• ஒசூர் – 40 கி.மீ. (அத்திப்பள்ளியை அடுத்து மாநில எல்லை)
• கிருட்டிணகிரி – 90 கி.மீ.
• வாணியம்பாடி – 140 கி.மீ.
• ஆம்பூர் – 160 கி.மீ.
• வேலூர் – 210 கி.மீ.
• வாலாசாப்பேட்டை – 240 கி.மீ.
• காஞ்சிபுரம் அருகில் – 275 கி.மீ.
• திருப்பெரும்புதூர் – 310 கி.மீ.
• சென்னை – 350 கி.மீ.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சூளகிரிக்கும் கிருட்டிணகிரிக்கும் இடையில் சாலை தெளிவாக இறங்குகிறது. கோடைக்காலத்தில் பயணிகள் வெப்ப வேறுபாட்டை முதலில் உணர்வது இப்பகுதியில்தான். வாணியம்பாடியிலிருந்து வாலாசாப்பேட்டை வரை சாலை பெரும்பாலும் பாலாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிச் செல்கிறது.

நேரமும் செலவும்

மகிழுந்தில் இப்பயணத்திற்குப் பொதுவாக 6 முதல் 7 மணி நேரம் ஆகும். நெடுஞ்சாலையின் நடுப்பகுதியைவிட இரு நகரங்களின் வாயில்களே காலத்தை மிகுதியாக எடுத்துக்கொள்கின்றன. வெள்ளி மாலையில் சில்க் போர்டு முதல் அத்திப்பள்ளி வரையிலும், ஞாயிறு இரவில் திருப்பெரும்புதூர் முதல் பூந்தமல்லி வரையிலும் நெரிசல் மிகும். நடுவழியில் வேகத்தை 90லிருந்து 110 கி.மீ. ஆக உயர்த்தினால் 250 கி.மீ. தொலைவில் மிச்சமாவது அரை மணி நேரமே. நெரிசலற்ற வேளையில் புறப்படுவதன் மூலம் இதைவிடக் கூடுதல் நேரத்தை மிச்சப்படுத்தலாம்.

செலவைப் பின்வருமாறு மதிப்பிடலாம். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் மகிழுந்துக்கு, போக வர 700 கி.மீ. செல்ல ஏறத்தாழ 47 லிட்டர் பெட்ரோல் தேவை. லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால் இது 4,700 ரூபாய் ஆகும். நால்வர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு 1,200 ரூபாய்க்குள் அடங்கும். சுங்கக் கட்டணம் தனி.

சுங்கக் கட்டணம்

கிருட்டிணகிரி, வாணியம்பாடி, பள்ளிகொண்டா, வாலாசாப்பேட்டையை அடுத்த சென்னசமுத்திரம் உள்ளிட்ட இடங்களில் சுங்கச்சாவடிகள் உள்ளன. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து பாசுடேக் எனப்படும் மின்னணு ஒட்டுவில்லை கட்டாயமாக்கப்பட்டது.

ஒரே சாவடியை 24 மணி நேரத்திற்குள் திரும்பக் கடந்தால், போக வர இரண்டிற்கும் சேர்த்து ஒருவழிக் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்கு மட்டுமே கட்டணமாகும். ஆனால் சனி காலை சென்று ஞாயிறு மாலை திரும்புவோர் பெரும்பாலும் இச்சலுகைக் காலத்தைத் தாண்டிவிடுவர். தனியார் மகிழுந்துகளுக்கு 2025 ஆகத்து 15 அன்று ஆண்டு அட்டை முறை அறிமுகமானது. தொடக்கத்தில் இதன் விலை 3,000 ரூபாய் ஆகும். ஓராண்டு அல்லது 200 கடப்புகள், இவற்றில் எது முன்னர் முடிகிறதோ அதுவரை இது செல்லும். அடிக்கடி பயணிப்போருக்கு இது ஆதாயமானது.

வழியில் உணவும் இடங்களும்

சீரகச் சம்பா அரிசியில் ஆக்கி, கத்தரிக்காய்த் தொக்குடன் பரிமாறப்படும் ஆம்பூர் பிரியாணி இவ்வழியில் புகழ் பெற்றது. ஆம்பூர் ஏறக்குறைய நடுவழியில் இருப்பதால் மதிய உணவிற்கு ஏற்ற இடமாகவும் அமைந்துள்ளது. பருவகாலத்தில் கிருட்டிணகிரி மாம்பழங்களை நண்பர் வீட்டிற்கு வாங்கிச் செல்வோர் உண்டு.

1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சி நடந்த வேலூர்க் கோட்டை, இராமானுசர் பிறந்த ஊரான திருப்பெரும்புதூர் ஆகியன வழியில் உள்ளன. வாணியம்பாடிக்கு அருகில் 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை வழியாக ஏலகிரியை அடையலாம். இரு நகர நண்பர்களும் ஆளுக்குப் பாதி வழி வந்து சந்திக்க இவ்விடம் ஏற்றதாகும்.

பாதுகாப்பு

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டில் மிகுதியான விபத்துகள் (64,105) பதிவான மாநிலம் தமிழ்நாடு ஆகும்.

உறக்கமின்மை

வார இறுதிப் பயணத்தின் தனித்த இடர் உறக்கமின்மை ஆகும். வெள்ளியன்று காலை 7 மணிக்கு எழுந்து, அலுவலகப் பணி முடித்து, இரவு 9 மணிக்குப் பெங்களூருவை விட்டுப் புறப்படுபவர் நள்ளிரவில் வாணியம்பாடியை நெருங்கும்போது 17 மணி நேரம் விழித்திருந்திருப்பார். இவ்வளவு நேரம் உறங்காதவரின் செயல்திறன், குருதியில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் செயல்திறனை ஒத்துக் குறைவதாக ஆத்திரேலியாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. இந்தியச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் உச்ச அளவோ 0.03 விழுக்காடு மட்டுமே. அதாவது, ஒரு துளியும் மது அருந்தாதவர்கூடச் சட்ட எல்லையைத் தாண்டியவரின் நிலையில் வண்டி ஓட்டக்கூடும். எஞ்சிய 200 கி.மீ. தொலைவை, உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும் பின்னிரவில் அவர் கடக்க வேண்டியுள்ளது.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் மகிழுந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கும். நான்கு நொடி கண்ணயர்ந்தால் 110 மீட்டர் தொலைவு ஓட்டுநரின்றியே கடக்கப்படும். சாளரத்தைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் இதற்குத் தீர்வாகா. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 15 முதல் 20 நிமிடம் உறங்குவது ஓரளவு பயன் தரும். காப்பி அருந்தினால் அதன் விளைவு தெரிய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். மற்றவர் உறங்க ஓட்டுநர் ஒருவர் மட்டும் விழித்திருப்பது இடர் மிக்கது. முன்னிருக்கையில் இருப்பவர் விழித்திருப்பதும், ஓட்டும் பொறுப்பை மாற்றிக்கொள்வதும் நல்லது. சனி விடியற்காலை 5 மணிக்குப் புறப்படுபவர் இழப்பது நண்பருடன் கழிக்கும் ஓர் இரவை மட்டுமே. அவ்விரவும் பெரும்பாலும் சாலையிலேயே கழிந்திருக்கும்.

இரவுப் பார்வை

தாழ்நிலை முகப்பு விளக்கின் ஒளி ஏறத்தாழ 50 மீட்டர் வரை தெளிவாகக் காட்டும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில், தடையைக் கண்டு வண்டியை நிறுத்த, உலர்ந்த சாலையிலும் 65 முதல் 70 மீட்டர் தேவைப்படும். ஆகவே, பின்விளக்கின்றிச் சாலையோரம் நிறுத்தப்பட்ட சரக்குந்தைக் கண்டபின் நிறுத்துவதற்கு இடம் போதாது. பின்னிருக்கையில் அமர்ந்திருப்போரும் இருக்கைப் பட்டை அணிவது சட்டப்படி கட்டாயமாகும்.

விபத்து உதவி

தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசர ஊர்திக்கு 108 ஆகிய எண்களை அழைக்கலாம். தமிழ்நாட்டு அரசு 2021 திசம்பர் 18 அன்று தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளாவோருக்கு, அவர் எம்மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. காயமுற்றவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு வழங்குகிறது.

தடைப்பட்ட காலங்கள்

2016 செப்டம்பர் 12 அன்று காவிரி நீர்ப் பிணக்கை ஒட்டிப் பெங்களூருவில் வன்முறை மூண்டது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் சரக்குந்துகளும் தீக்கிரையாயின. இரு மாநிலங்களுக்கும் இடையிலான பேருந்துப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்த கோவிட்-19 ஊரடங்கின்போது, மாநில எல்லையைக் கடக்க மின்னணு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. ஆறு மணி நேரத் தொலைவில் இருந்த நண்பர்கள் பல மாதங்கள் சந்திக்க இயலாதிருந்தனர்.

மாற்று வழிகள்

1964ல் தொடங்கிய பிருந்தாவன் விரைவுத் தொடர்வண்டி, சதாப்தி ஆகியன இரு நகரங்களையும் இணைக்கின்றன. 2022 நவம்பர் 11 அன்று சென்னை – மைசூரு வந்தே பாரத் வண்டி பெங்களூரு வழியாகத் தொடங்கப்பட்டது. ஒசகோட்டையிலிருந்து திருப்பெரும்புதூர் வரை ஏறத்தாழ 260 கி.மீ. நீளமுள்ள பெங்களூரு – சென்னை விரைவுச்சாலைக்கு 2022 மே 26 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இது கருநாடகம், ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் வழியாகச் செல்லும் வகையில் திட்டமிடப்பட்டது.

இவற்றையும் பார்க்க

• தங்க நாற்கரச் சாலை
• தேசிய நெடுஞ்சாலை 48
• பாலாறு
• சாலைப் பாதுகாப்பு
• பிசிராந்தையார்